முழுச் சேதமான காருக்குக் காப்பீட்டுத் தொகை பெறும் முறை

(உழவர் விவாதக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியனாகிய நான் வழக்கமாகக் களை நிர்வாகம், உர நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றியே உங்களிடம் பேசி வந்துள்ளேன். இன்று பேசப் போவது பயிரைப் பற்றி அன்று. சென்ற கூட்டம் முடிந்த பின் உங்களில் இருவர் என்னிடம் வந்து, "வெள்ளத்தில் போன காருக்கு நீங்கள் எப்படிப் பணம் வாங்கினீர்கள்?" என்று கேட்டார்கள். பழைய கார், மினி வேன், டிராக்டர் என்று ஏதேனும் ஒரு வண்டி இன்று பல சிறு விவசாயிகளின் வீட்டில் உள்ளது. நிலத்துக்கு அடுத்தபடியாக நாம் பெரும் பணம் போட்டு வாங்கும் பொருள் அதுவே. அது ஒரே நாளில் போய்விட்டால் என்ன செய்வது என்பதை நான் பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை மீறியது. அப்போது நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். வாசலில் நின்ற என் கார் கண்ணாடி வரை மூழ்கியது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது, இருக்கையின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது.

இத்தகைய இழப்பில் நாம் மூன்று இடங்களில் கையெழுத்திடுகிறோம். முதலாவது, பாலிசி எடுக்கும் நாளில். இரண்டாவது, தொகையை ஒப்புக்கொள்ளும் நாளில். மூன்றாவது, சிதைந்த வண்டியை ஒப்படைக்கும் நாளில். இம்மூன்று கையெழுத்துகளையும் படித்துப் பார்த்துப் போட வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் சாரம்.

முதல் கையெழுத்து: பாலிசி

முதலில் உங்கள் பாலிசி எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான் பணம் கிடைக்கும். உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. சொந்தச் சேதமும் சேர்ந்த முழுக் காப்பீடு இருந்தால்தான் நான் இனிச் சொல்வது பொருந்தும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி புதிய உரிமையாளருக்குத் தானே மாறிவிடும். சொந்தச் சேதக் காப்பீடு அவ்வாறு மாறாது. வண்டி வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே பாலிசியை வைத்துக்கொண்டு, தவணை மட்டும் தவறாமல் கட்டி வருபவர்கள் நம்மிடையே உண்டு. விபத்து நேரும் நாளில் அவர்கள் கையில் இருப்பது வெறும் தாளே.

அடுத்து, பாலிசியில் 'ஐ.டி.வி.' என்று ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். அதுவே காப்பீடு செய்யப்பட்ட மதிப்பு. வண்டி முழுச் சேதமானால் நிறுவனம் தர வேண்டிய உச்சத் தொகை அதுதான். அதே மாதிரி வண்டியின் இன்றைய புது விலையிலிருந்து, வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்து இது கணக்கிடப்படுகிறது. வழக்கமாகக் கையாளப்படும் தேய்மான விகிதம் வருமாறு:

6 மாதம் வரை – 5 சதம்
6 மாதத்துக்கு மேல் 1 ஆண்டு வரை – 15 சதம்
1 ஆண்டுக்கு மேல் 2 ஆண்டு வரை – 20 சதம்
2 ஆண்டுக்கு மேல் 3 ஆண்டு வரை – 30 சதம்
3 ஆண்டுக்கு மேல் 4 ஆண்டு வரை – 40 சதம்
4 ஆண்டுக்கு மேல் 5 ஆண்டு வரை – 50 சதம்

ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு, நீங்களும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு.

என் கார் 2020இல் வாங்கியது. புது விலை 6,00,000 ரூபாய். நான்காம் ஆண்டில் 40 சதம் கழித்து, பாலிசியில் 3,60,000 ரூபாய் என்று இருந்தது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது முகவர் சிலர், "மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பிரீமியம் குறையும்" என்பார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் மதிப்பில் 50,000 ரூபாயைக் குறைத்துப் பிரீமியத்தில் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிப்பது, விதை நேர்த்தி மருந்தில் மிச்சம் பிடித்துப் பயிரை வாடல் நோய்க்குக் கொடுப்பது போன்றது.

சேதம் நேர்ந்தவுடன் செய்ய வேண்டியவை

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டதும் கை தானாகச் சாவியைத் தேடும். சாவியைப் போடக் கூடாது. உங்கள் ஆயில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. தண்ணீர் நிறைந்த சிலிண்டரில் பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு நிறுவனம், "இது வெள்ளத்தால் வந்த சேதமன்று, நீங்கள் வண்டியைக் கிளப்பியதால் வந்த சேதம்" என்று வாதாட இடம் கிடைத்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை அப்படியே விட்டு வையுங்கள்.

தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி, வண்டி எண் தெரியும்படி, நான்கு பக்கமும் உள்ளும் புறமும் படம் எடுங்கள். சாலை விபத்தாக இருந்தால் வண்டியை நகர்த்தும் முன் படம் எடுத்து, காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து, அதன் நகலைப் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தொலைபேசியில் சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்திலும் தெரிவியுங்கள். பயிர்க் காப்பீட்டில் தகவல் கொடுக்கத் தாமதித்து இழப்பீட்டை இழந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இங்கும் அதே பாடம்தான்.

நிறுவனம் ஒரு சர்வேயரை அனுப்பும். இவர் நில அளவர் அல்லர். உரிமம் பெற்ற இழப்பு மதிப்பீட்டாளர். அவர் பார்க்கும் முன் ஒர்க்ஷாப்பில் ஒரு திருகைக் கூடக் கழற்ற விடாதீர்கள். அவர் வரும் நாளில் நீங்களும் உடனிருங்கள். ஆர்.சி. புத்தகம், ஓட்டுநர் உரிமம், பாலிசி ஆகியவற்றின் நகல்களைக் கொடுங்கள். அசல்களைக் காட்டி விட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். வண்டியை மகன் ஓட்டியிருந்தால் மகன் ஓட்டினான் என்றே சொல்ல வேண்டும். ஒரு பொய் முழுத் தொகையையும் கெடுத்துவிடும்.

எப்போது முழுச் சேதம்?

வண்டியை மீட்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆகும் மொத்தச் செலவு, பாலிசி மதிப்பில் 75 சதத்துக்கு மேல் போனால், பொதுவாக அது முழுச் சேதமாகக் கொள்ளப்படும். உங்கள் பாலிசியிலும் இந்த விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் காருக்கு 3,60,000 ரூபாயில் 75 சதம் என்பது 2,70,000 ரூபாய். ஒர்க்ஷாப் மதிப்பீடோ 3,40,000 ரூபாய்க்கு வந்தது. ஆகவே அது முழுச் சேதமாயிற்று.

பழுது பார்க்கும் தொகையாக வாங்கினால் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி முதலிய பாகங்களுக்குத் தனித்தனியே தேய்மானம் கழிப்பார்கள். முழுச் சேதத்தில் அவ்வாறு கழிக்க இடமில்லை. தேய்மானம் முன்பே பாலிசி மதிப்பில் கழிக்கப்பட்டுவிட்டது.

இனிக் கணக்கைப் பார்ப்போம்.

பாலிசி மதிப்பு – ரூ. 3,60,000
கட்டாயக் கழிவு (1500 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் கார்) – ரூ. 1,000
கிடைக்க வேண்டியது – ரூ. 3,59,000

இந்தத் தொகையைப் பெற்றால் சிதைந்த வண்டி நிறுவனத்துக்குப் போகும். வண்டியை நீங்களே வைத்துக்கொள்வதாக இருந்தால், அதன் உடைப்பு மதிப்பையும் கழிப்பார்கள். உடைப்பு மதிப்பு 90,000 ரூபாய் என்றால், உங்களுக்குக் கிடைப்பது 2,69,000 ரூபாய். அந்த வண்டியை 90,000 ரூபாய்க்கு மேல் உங்களால் விற்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் நிறுவனமே எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் கையெழுத்து: ஒப்புதல் சீட்டு

மேற்கூறிய கணக்கை நான் இப்போது தெளிவாகச் சொல்கிறேன். அன்று எனக்கு இது தெரியாது. 2024 ஜனவரியில் நிறுவனத்திலிருந்து பேசினார்கள். "உங்கள் மாடலுக்குச் சந்தையில் இப்போது 3,05,000தான் போகிறது. சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்பினால் ஒரு வாரத்தில் பணம் வரும்" என்றார்கள். வீடு முழுவதும் சேறு. மாதத் தவணை வேறு போய்க்கொண்டிருந்தது. வந்தவரை போதும் என்ற மனநிலையில் தாளை எடுத்து மேசை மேல் வைத்திருந்தேன்.

அன்று ஏரல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், மூழ்கிய வாழைத் தோட்டத்தை என்ன செய்யலாம் என்று கேட்க வந்தார். குலை தள்ளும் பருவத்தில் இருந்த வாழை முழுவதும் அவருக்குப் போய்விட்டது. அவருடைய இழப்புக்கு முன் என் இழப்பு ஒரு பொருட்டே அன்று. பேச்சுவாக்கில் என் தாளைப் பற்றிச் சொன்னேன்.

அவர் கேட்டார்: "சாரு, பாலிசித் தாள்ல என்ன ரூவா போட்டிருக்கு?"

"மூன்று லட்சத்து அறுபதாயிரம், ஐயா. ஆனால் சந்தை விலை..."

"வெதை மூட்டை வாங்குனா மொதல்ல சீட்டைப் பாருங்கன்னு எங்களுக்கு நீங்கதான சொல்லிக் குடுத்திய? உங்க மூட்டைச் சீட்டை நீங்க பாக்கலியே!"

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிரவு பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். முழுச் சேதம் ஏற்பட்டால், பாலிசி காலம் முழுவதும் அதில் குறித்த மதிப்பே வண்டியின் சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கப்படமாட்டாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த வாசகத்தை அப்படியே எடுத்து எழுதி, "இதற்கு மாறாகக் குறைப்பதற்கான விதியை எழுத்தில் தெரிவியுங்கள்" என்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குக் கடிதம் அனுப்பினேன். கோபமாக ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மூன்று வாரத்தில் 3,59,000 ரூபாய்க்கு ஒப்புதல் வந்தது. ஒரு பெரியவர் கேட்ட ஒரு கேள்வியின் விலை 54,000 ரூபாய்.

எனவே, தொலைபேசியில் 'சரி' என்று சொல்லாதீர்கள். எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று எழுத்தில் கேளுங்கள். அவசரத்தில் ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு விட்டவர்களும் மனம் தளர வேண்டாம். அந்தக் கையெழுத்து ஒன்றைக் காட்டியே, கூடுதல் தொகை கேட்டு முறையிடும் உரிமையை மறுத்துவிட முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015இலேயே தெளிவுபடுத்தியுள்ளது. ஆயினும் கையெழுத்திட்ட பின் போராடுவதைவிட, இடும் முன் படிப்பது எளிது.

கடன் இருந்தால்

வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் காப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக்கே போகும். பாக்கி 1,40,000 ரூபாய் என்றால், 3,59,000இல் அது போக 2,19,000 ரூபாய் உங்களுக்கு வரும். தொகை வந்து சேரும் வரை மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். வண்டியே இல்லையே, எதற்குத் தவணை என்று நிறுத்தினால், உங்கள் கடன் வரலாற்றில் கறை விழும். அடுத்த முறை பயிர்க்கடன் கேட்டுப் போகும்போது அது முன்னே வந்து நிற்கும். கடன் தீர்ந்ததும் வங்கியிடம் தடையின்மைச் சான்றும், கடன் நீக்கத்துக்குரிய 35ஆம் படிவமும் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் கையெழுத்து: வண்டி ஒப்படைப்பு

பணம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். இதுவே மிகப் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கும் இடம்.

எனக்குத் தெரிந்த ஒரு காய்கறி விவசாயியின் மினி வேன் மரத்தில் மோதி முழுச் சேதமாயிற்று. உடைப்பு வியாபாரி ஒருவர் வந்து எடுத்துச் சென்றார். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30ஆம் படிவங்களில், எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் கழித்து விவசாயிக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தது. யாரோ அந்த வேனைத் தட்டி நிமிர்த்திச் சாலையில் ஓட்டி, இரு சக்கர வாகனத்தில் வந்த ஒருவரை இடித்துவிட்டார்கள். வேனுக்குக் காப்பீடு இல்லை. ஆர்.சி.யில் பெயரோ நம் விவசாயியின் பெயர். "நான் விற்று விட்டேன்" என்று சொல்ல அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. வேனுக்குக் கிடைத்த தொகையைவிட வழக்குக்காக அவர் அலைந்த செலவே அவரை அதிகம் வாட்டியது.

வண்டியை விற்றிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. நிலத்தை விற்றுப் பட்டா மாறாமல் விட்டால் என்ன தொல்லை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே தொல்லை ஓர் உயிரின் விலையாகவும் வரலாம்.

ஆகையால், வண்டியை ஒப்படைக்கும்போது பின்வருவனவற்றைக் கட்டாயம் செய்யுங்கள்.

1. நிரப்பாத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை நிரப்பிய பின்பே இடுங்கள். நானும் முதலில் வெறும் படிவத்தில் கையெழுத்திட்டவன்தான். இந்த வேன் கதை நினைவுக்கு வந்து, மறுநாள் காலையில் ஓடிப் போய் நிரப்பி வாங்கினேன்.

2. பதிவு எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், ஒப்படைத்த நாள், நேரம் எழுதிய ரசீதில் எடுத்துச் செல்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய அடையாள அட்டை நகலையும் பெறுங்கள்.

3. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு 14 நாட்களுக்குள் தெரிவியுங்கள். வண்டி கைமாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 50ஆம் பிரிவின்படி பெயர் மாற்றத் தகவல் தர வேண்டும். இனி ஓடவே முடியாத வண்டி என்றால், 55ஆம் பிரிவின்படி ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். தகவல் கொடுத்ததற்கு ஒப்புகை பெறுங்கள்.

4. பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் அங்கு தரும் வைப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

5. பாஸ்டேக் வில்லையைக் கிழித்து, அந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.

6. ஓரிரு மாதம் கழித்துப் பரிவாகன் இணையத்தில் வண்டி எண்ணைப் போட்டு, உங்கள் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் மீண்டும் எழுதுங்கள்.

நிறுவனம் மறுத்தால்

தொகையைக் குறைத்தாலோ மறுத்தாலோ, முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். மறுப்புக் கடிதம் கிடைத்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். எங்கு போனாலும் பேசப் போவது உங்கள் வாய் அன்று. நீங்கள் சேர்த்து வைத்த தாள்களே பேசும். முதல் நாள் எடுத்த படத்திலிருந்து கடைசிக் கடிதம் வரை ஒரே கோப்பில், தேதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

உழவர் பெருமக்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் இருக்கும் பாலிசியை வெளியே எடுங்கள். அதில் இருப்பது உங்கள் பெயர்தானா, முழுக் காப்பீடுதானா, மதிப்பு எவ்வளவு, எந்தத் தேதியில் முடிகிறது என்ற நான்கையும் பாருங்கள். கண் தெரியாத பெரியவர்கள் பேரப்பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

ஏரல் பெரியவர் அடுத்த பருவத்தில் மீண்டும் வாழை நட்டார். கன்றுகளைப் பார்க்கப் போனபோது, பயிர்க் காப்பீட்டுச் சீட்டை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டி, "படிச்சுப் பாத்துட்டேன் சாரு, நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்றார். நானும் முழுவதும் படித்துப் பார்த்த பின்பே திருப்பிக் கொடுத்தேன்.